ஷூட்டிங் சதவீதத்தில் முந்திய அணி எப்படித் தோற்றது? ஒரு பி லீக் அட்டவணையைப் படிப்பது பற்றி

கேள்வி இது: "ஜப்பானின் பி லீக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதன் புள்ளிவிவர அட்டவணையைத் திறந்தேன். தோற்ற அணிதான் ஷூட்டிங் சதவீதத்தில் முன்னால் இருக்கிறது. அதிகப் புள்ளி எடுத்தவருக்கு 'எஃபிஷியன்சி' கட்டத்தில் ஒற்றை இலக்கம்தான். பிளஸ்-மைனஸ் இன்னொரு கதை சொல்கிறது. எதை நம்புவது? எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?"

கிரிக்கெட் ஸ்கோர்கார்டு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ஒருநாள், டி20 கிரிக்கெட்டில் இரு அணிக்கும் ஓவர் சமம். கூடைப்பந்தில் இரு அணிக்கும் சமமாகக் கிடைப்பது பந்தைக் கையில் வைத்து ஆடும் வாய்ப்புகள் மட்டுமே, ஷாட்டுகள் அல்ல. பந்து என் அணியின் கைக்கு வந்து எதிரணியின் கைக்குப் போகும் வரை ஒரு பொசெஷன். நான் ஆடி முடித்தால் நீங்கள், நீங்கள் முடித்தால் நான். அதனால் ஆட்ட முடிவில் இரு அணியின் பொசெஷன் எண்ணிக்கையும் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் சமமாகவே இருக்கும். ஆனால் ஒரு பொசெஷனுக்குள் ஷாட்டே போடாமல் பந்தைத் தொலைக்கலாம், தவறவிட்ட ஷாட்டின் ரீபவுண்டை (கூடைக்குள் போகாமல் திரும்பி வரும் பந்தை) நானே எடுத்து மூன்று முறை எறியவும் செய்யலாம். உங்கள் கேள்விக்கான பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் எந்த ஆட்டம் என்று சொல்லவில்லை. ஆகவே நானே ஒரு மாதிரி ஆட்டத்தைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கற்பனை, அளவு மட்டும் பி லீக் ஆட்டத்துக்குப் பொருந்தும்படி வைத்திருக்கிறேன்.

நீல அணி 58 ஷாட் போட்டு 28 கூடை. அதாவது 48.3 சதவீதம். அதில் மூன்று புள்ளிக் கூடைகள் 8. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடுப்பில்லாத எறி, ஒன்றுக்கு ஒரு புள்ளி) 14க்கு 10. மொத்தம் 74 புள்ளி. சிவப்பு அணி 69 ஷாட் போட்டு அதே 28 கூடை. 40.6 சதவீதம்தான். மூன்று புள்ளிக் கூடைகள் 9, ஃப்ரீ த்ரோ 17க்கு 13. மொத்தம் 78. நான்கு புள்ளியில் சிவப்பு ஜெயித்துவிட்டது.

சதவீதத்தில் ஏறக்குறைய எட்டுப் புள்ளி பின்தங்கிய அணி எப்படி ஜெயித்தது? 11 ஷாட் கூடுதலாகப் போட்டது. அந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சிவப்பின் அட்டாக்கிங் ரீபவுண்ட் 16, நீலத்துக்கு 7. சிவப்பின் டர்ன்ஓவர் 11, நீலத்துக்கு 15. பந்தை நான்கு முறை குறைவாகத் தொலைத்து, தவறிய பந்தை ஒன்பது முறை கூடுதலாக மீட்டிருக்கிறார்கள். இந்தப் பதின்மூன்றில் பதினொன்று ஷாட்டாகியிருக்கிறது, மிச்சம் பெரும்பாலும் ஃப்ரீ த்ரோ பக்கம் போயிருக்கிறது.

பொசெஷனைக் கணக்கிட ஒரு எளிய சூத்திரம் புழக்கத்தில் உண்டு. போட்ட ஷாட்டுகளோடு ஃப்ரீ த்ரோவை 0.44ஆல் பெருக்கிச் சேர்த்து, அட்டாக்கிங் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டினால் போதும். நீலத்துக்கு 58 + 6.2 − 7 + 15, சுமார் 72. சிவப்புக்கு 69 + 7.5 − 16 + 11, அதுவும் 71, 72தான். அந்த 0.44 எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும், இரண்டு எறிந்தால் ஒரு பொசெஷன் தீரும். ஆனால் கூடை விழுந்த கையோடு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோவும், மூன்று புள்ளி முயற்சியில் ஃபவுல் வாங்கிக் கிடைக்கும் மூன்றும் நடுவே கலந்திருப்பதால், பாதியைவிடக் கொஞ்சம் குறைத்துப் பெருக்குகிறார்கள். அமெரிக்க ஆட்டங்களிலிருந்து வந்த எண் இது. ஜப்பானிய ஆட்டத்துக்கு ஒரு தசமம் முன்பின் ஆனாலும் நம் வேலைக்குப் போதும்.

டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஒரு ஆட்டத்தைத் தீர்மானிப்பவை என்று நான்கை மட்டும் பிரித்தார்: மூன்று புள்ளியின் கூடுதல் மதிப்பையும் சேர்த்துப் பார்த்த ஷூட்டிங், டர்ன்ஓவர், அட்டாக்கிங் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. அவர் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 சதவீதம். ஷூட்டிங்தான் பெரிய துண்டு, சந்தேகமில்லை. ஆனால் டர்ன்ஓவரும் ரீபவுண்டும் சேர்ந்தால் 45. உங்கள் ஆட்டத்திலும் அந்த இரண்டு கட்டங்களை முதலில் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை விடை அங்கேயே கிடைக்கும் என்பது என் அனுபவம்.

இனி அட்டவணைக்குள் போவோம். கல்லூரிக் காலத்தில் மாவட்டப் போட்டிகளில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சிலால் புள்ளி எழுதியிருக்கிறேன். ஒருவன் கண்ணை எடுக்காமல் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பான்: "ஏழு, ரெண்டு, மிஸ்... பன்னெண்டு, டிஃபென்ஸ் ரீபவுண்ட்... நாலு, டர்ன்ஓவர், எதிர்ல ஒம்பது ஸ்டீல்." பக்கத்தில் இருப்பவன் தலை நிமிராமல் கோடு போடுவான். இப்போது பென்சிலுக்குப் பதில் கணினி வந்துவிட்டது, ஆனால் பெரிய லீக்குகளிலும் பார்த்துச் சொல்பவர் ஒருவர், பதிபவர் ஒருவர் என்ற முறை மாறவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அட்டவணையில் உள்ள எண்களில் சில எண்ணப்பட்டவை, சில ஒரு மனிதரால் அரை நொடியில் தீர்மானிக்கப்பட்டவை. புள்ளி, ஃபவுல், ஃப்ரீ த்ரோவில் தகராறு கிடையாது. கூடை விழ வழிசெய்த பாஸான அசிஸ்ட் அப்படியல்ல.

பி லீக் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளில் ஆடுகிறது. புள்ளிவிவரம் குறிக்கும் வழக்கமும் ஃபீபாவை ஒட்டியதே. அதில் அசிஸ்ட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு: நான் பாஸ் கொடுத்து, வாங்கியவர் ஷாட் போடும்போது ஃபவுல் செய்யப்பட்டு, ஃப்ரீ த்ரோவில் ஒன்றையாவது போட்டுவிட்டால் எனக்கு அசிஸ்ட் விழும். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் விழாது. அதனால் ஒரு ஜப்பானிய கார்டின் (பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துபவரின்) அசிஸ்ட் எண்ணை என்பிஏ கார்டின் எண்ணோடு நேராக வைத்து ஒப்பிடுவது சரிவராது.

இன்னொன்று, ஷாட் போடும்போது ஃபவுல் நடந்து பந்து உள்ளே போகவில்லை என்றால் அந்த ஷாட் முயற்சியாகவே எண்ணப்படாது. ஒரு சென்டர் (கூடைக்கடியில் ஆடும் நெடியவர்) 4க்கு 3 என்று இருப்பதைப் பார்த்து 'இன்று பந்தே கிடைக்கவில்லை போல' என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் ஃப்ரீ த்ரோ 10 என்று இருந்தால், மனிதர் இரவு முழுக்க உள்ளே அடிவாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நேரடியாகச் சொல்லவும் ஒரு கட்டம் உண்டு: செய்த ஃபவுலுக்குப் பக்கத்தில் வாங்கிய ஃபவுல். ஆங்கிலச் சுருக்கத்தில் ஃப்ரீ த்ரோவும் இதுவும் வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே 'எஃப்.டி.' ஆகிவிடுகிறது, அதனால் சுருக்கங்களை விட்டுவிட்டுப் பெயரையே சொல்லிக்கொண்டு போகிறேன். வாங்கிய ஃபவுல் என் விருப்பமான கட்டங்களில் ஒன்று. எதிரணியின் சென்டருக்கு இரண்டாவது குவார்ட்டரிலேயே மூன்றாவது ஃபவுல் ஏற வைத்து பெஞ்சுக்கு அனுப்பிய வீரரின் பெயர் புள்ளிப் பட்டியலில் எங்கோ கீழே இருக்கும். ஐந்து ஃபவுலில் ஆள் வெளியே என்பது ஃபீபா விதி. என்பிஏவில் ஆறு. நாற்பது நிமிட ஆட்டத்தில் இது பெரிய விஷயம்.

அதே வரிசையில் பிளாக் வாங்கியது என்று ஒரு கட்டமும் வரும். அவர் போட்ட ஷாட்டை எதிரணி எத்தனை முறை மறித்தது என்ற கணக்கு. குள்ளமான கார்டுகளுக்கு இதைப் பார்ப்பேன், மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லாது.

வீரர்களின் ரீபவுண்டைக் கூட்டிப் பார்த்தால் அணியின் மொத்தத்தோடு ஒத்துவரவில்லையே என்று சிலர் பதறுவார்கள். கடைசி வீரருக்குக் கீழே 'அணி / பயிற்சியாளர்' என்று ஒரு வரி இருக்கும், கண்ணில் படாமல் போய்விடும். பந்து யார் கையிலும் சிக்காமல் வெளியே போனால் ரீபவுண்ட் அணியின் கணக்கில். 24 நொடிக்குள் ஷாட் போடாவிட்டால் அந்த டர்ன்ஓவரும் அணியின் கணக்கில். அந்த வரியில் டர்ன்ஓவர் 3, 4 என்று இருந்தால், எதிரணியின் தடுப்பு நல்ல இறுக்கமாக இருந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தனி வீரர் யார் பெயரிலும் அந்தப் பெருமையோ பழியோ எழுதப்பட்டிருக்காது.

ஜப்பானுக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. அது தெரியாவிட்டால் பாதி எண்கள் தப்பாகப் புரியும். 2020–21 பருவத்திலிருந்து 2025–26 வரை இருந்த விதிப்படி ஒரு அணி மூன்று வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்யலாம், களத்தில் ஒரே நேரத்தில் இருவர்தான் நிற்கலாம். இதற்கு மேல், ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஒருவரையோ ஆசிய ஒதுக்கீட்டில் ஒருவரையோ சேர்த்துக்கொள்ளலாம். ஆசிய ஒதுக்கீட்டில் முதலில் வந்தவர் 2020இல் சான்-என் நியோஃபீனிக்ஸில் சேர்ந்த பிலிப்பைன்ஸின் தெர்டி ரவேனா.

வெளிநாட்டு இடம் இரண்டே என்றால் அணிகள் யாரை எடுக்கும்? உயரத்தைத்தான். அதனால் பி லீக்கில் ரீபவுண்ட், பிளாக் பட்டியல்களின் மேல்பகுதி வெளிநாட்டு சென்டர்களும் குடியுரிமை பெற்றவர்களுமாக நிறைந்திருக்கும். அசிஸ்ட், ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தது) பக்கம் போனால் ஜப்பானியப் பெயர்கள் வரிசையாக வரும். ஒரு ஜப்பானிய ஃபார்வர்டுக்கு ஏழு ரீபவுண்ட் என்பது அமெரிக்க சென்டரின் பதினொன்றைவிட எனக்கு அதிகம் சொல்லும், ஏனென்றால் அவர் அதைத் தன்னைவிடப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் உயரமானவர்களுக்கு நடுவே பறித்திருக்கிறார்.

நிக் ஃபாசேகாஸ் கதையைப் பார்த்தால் குடியுரிமையின் கனம் தெரியும். 2016–17, லீக்கின் முதல் பருவம். கவாசாகி பிரேவ் தண்டர்ஸுக்காக ஆட்டத்துக்குச் சராசரி 27.1 புள்ளி எடுத்து மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2018இல் ஜப்பானியக் குடிமகன் ஆனார். மறுநாளே அவர் உயரம் கூடிவிடவில்லை, கை பெரிதாகவில்லை. ஆனால் வெளிநாட்டு இரண்டு இடமும் காலியாக, ஃபாசேகாஸ் மூன்றாவது பெரிய ஆளாகக் களத்தில் நிற்க முடிந்தது. பின்னாளில் கவாசாகி மூன்று நெடியவர்களை ஒன்றாக இறக்கி ஆடியபோது எதிரணிகள் திணறின. அவருடைய தனிப்பட்ட வரியை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அணியின் ரீபவுண்டையும், அவரோடு நின்ற இருவரின் நிமிடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மறுகோடியில் யூகி கவாமுரா. 172 சென்டிமீட்டர். யோகோஹாமா பி-கோர்செயர்ஸுக்காக 2022–23இல் சராசரி 19.5 புள்ளி, 8.5 அசிஸ்ட். அதே பருவத்தில் மிகச் சிறந்த வீரர் விருதும் சிறந்த அறிமுக வீரர் விருதும் அவருக்கே. பிறகு 2024இல் என்பிஏவின் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸுக்குப் போனார். அந்தப் புள்ளி, அசிஸ்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அசிஸ்ட் குறைந்தது இரண்டு புள்ளி, சில நேரம் மூன்று. (ஃபவுலால் வந்த அசிஸ்ட்டில் ஒன்றாகவும் போகலாம்.) தோராயமாகப் பதினேழு, பதினெட்டுப் புள்ளிகள் அவர் பாஸிலிருந்து, பத்தொன்பது சொச்சம் அவர் கையிலிருந்து. எண்பதை ஒட்டி எடுக்கும் ஒரு அணியின் பாதிக்கு மிக அருகில் ஒரே ஆள். இப்படிப்பட்டவருக்கு டர்ன்ஓவர் அதிகமாக இருந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பந்து யார் கையில் அதிக நேரம் இருக்கிறதோ அவர்தான் அதைத் தொலைக்கவும் செய்வார். அசிஸ்ட்டை டர்ன்ஓவரால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் பரவாயில்லை, மூன்று என்றால் பிரமாதம்.

நிமிடக் கட்டத்தை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், பி லீக் 40. அங்கே 24 எடுத்தவரும் இங்கே 20 எடுத்தவரும் நேரக் கணக்கில் சமம். கூடுதல் நேரம் வந்தால் இன்னும் கவனம் தேவை. 2023 மே 27, யோகோஹாமா அரங்கில் இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம்: ரியூக்யூ கோல்டன் கிங்ஸ் 96, சிபா ஜெட்ஸ் 93. பார்த்தவுடன் இரு அணியும் அடித்து நொறுக்கியதுபோல் தெரியும். ஆனால் அது இரண்டு கூடுதல் நேரம் போன ஆட்டம், மொத்தம் 50 நிமிடம். நாற்பதுக்குச் சுருக்கினால் ரியூக்யூ 77க்குச் சற்றுக் கீழே, சிபா 74 சொச்சம். இரண்டு தடுப்புகளும் மூச்சுத் திணறத் திணற நின்ற ஆட்டம் அது. அந்த அட்டவணையில் யாருக்காவது 'பதினாறு ரீபவுண்ட்' என்று பார்த்து வியப்பதற்கு முன் நிமிடத்தைப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பருவத்தில் சிபா 60 லீக் ஆட்டங்களில் 53ஐ ஜெயித்தது. நடுவில் தொடர்ச்சியாக 24 வெற்றி. 167 சென்டிமீட்டர் யூகி டோகாஷி வழிநடத்திய அணி. எந்தப் புள்ளிவிவரத்தை எடுத்தாலும் கோப்பை அவர்களுக்குத்தான் என்று தோன்றியிருக்கும். மறுநாள் 88–73 என்று ரியூக்யூ முடித்துவைத்தது. அறுபது ஆட்டத்துச் சராசரி இரண்டு ஆட்டத்துக்கு உத்தரவாதம் தராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட எஃபிஷியன்சி. பொதுவாக வழங்கும் சூத்திரம்: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றையும் கூட்டு. தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவரைக் கழி. மறுபடியும் கற்பனைக் கணக்கு. ஒருவர் 18 புள்ளி, ஷாட் 19க்கு 7, ஃப்ரீ த்ரோ 4க்கு 2, ரீபவுண்ட் 4, அசிஸ்ட் 3, டர்ன்ஓவர் 4. கூட்டினால் 25. கழிக்க வேண்டியது 12, 2, 4. மிச்சம் 7. இன்னொருவர் 8 புள்ளிதான். ஷாட் 5க்கு 3, ஃப்ரீ த்ரோ இரண்டும் உள்ளே, ரீபவுண்ட் 9, அசிஸ்ட் 4, ஸ்டீல் 2, பிளாக் 1, டர்ன்ஓவர் 1. கூட்டினால் 24, கழிக்க 3. மிச்சம் 21. உங்கள் அணியின் அதிகப் புள்ளிக்காரருக்கு ஒற்றை இலக்கம் வந்தது இப்படித்தான் இருக்கும். கூடைக்குக் கூடை எறிந்துகொண்டே இருந்திருக்கிறார்.

இந்த எண்ணை நான் ஓரளவுக்குத்தான் மதிக்கிறேன். ஒரு ரீபவுண்டும் ஒரு புள்ளியும் ஒரே விலை என்று வைத்துக்கொள்வது யோசித்துப் பார்த்தால் விசித்திரம். எதிரணி தவறவிட்ட பந்து நேராக வந்து கையில் விழுந்தாலும் ஒன்று, இரண்டு பேரை முட்டித் தள்ளிக்கொண்டு எடுத்தாலும் ஒன்று. ஆக இந்தச் சூத்திரம் கூடைக்கடியில் நிற்பவர்களுக்குச் சாதகம். எதிரணியின் சிறந்த கார்டை இரவு முழுக்க நிழல்போல் ஒட்டிக்கொண்டு 14க்கு 3 என்று ஆக்கியவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. சென்டரைச் சென்டரோடும் கார்டைக் கார்டோடும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

பிளஸ்-மைனஸ் அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் தன் அணி எடுத்ததிலிருந்து விட்டுக்கொடுத்ததைக் கழித்தால் வருவது. யார் கூடை போட்டார் என்று அது கேட்பதில்லை. கருத்து நல்லது. ஆனால் ஒரே ஆட்டத்தில் இதை வைத்து ஒரு வீரரைப் புகழவோ திட்டவோ கூடாது. ஆறு நிமிடம் இறங்கிய மாற்று வீரர் கூட நின்ற நால்வரின் புண்ணியத்தில் பிளஸ் 11 வாங்குவார். நட்சத்திரம் 34 நிமிடம் ஆடி, எதிரணியின் முதல் ஐவரையே முழு நேரமும் எதிர்கொண்டு, மைனஸ் 3 வாங்குவார். பெஞ்ச் மொத்தமும் மைனஸில் இருக்கிறது, முதல் ஐவர் மொத்தமும் பிளஸில் இருக்கிறார்கள் என்றால் மட்டும் அது எனக்கு ஏதோ சொல்கிறது: ஆட்டம் எந்த நிமிடங்களில் கைவிட்டுப் போனது என்று. உடனே 'பெஞ்ச் புள்ளிகள்' கட்டத்தைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

அணிகளுக்கான அந்தக் கீழ்ப் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். டர்ன்ஓவரிலிருந்து வந்த புள்ளி, பெயிண்டுக்குள் (கூடைக்கடியில் கோடு போட்ட பகுதிக்குள்) எடுத்த புள்ளி, இரண்டாம் வாய்ப்புப் புள்ளி, ஃபாஸ்ட் பிரேக் (எதிரணி தடுப்புக்குத் திரும்புமுன் ஓடி எடுத்த) புள்ளி, அதிகபட்ச முன்னிலை, முன்னிலை மாறிய தடவை. நம் மாதிரி ஆட்டத்தில் சிவப்பு 16 அட்டாக்கிங் ரீபவுண்ட் எடுத்தது என்றோமே, அதில் எத்தனை புள்ளியாக மாறின? இரண்டாம் வாய்ப்புப் புள்ளி 20 என்றால் ஆட்டம் அங்கே ஜெயிக்கப்பட்டது. 6 என்றால் ரீபவுண்ட் எடுத்து எடுத்துத் தவறவிட்டிருக்கிறார்கள், வெற்றிக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

பி லீக் ரசிகனுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி உண்டு. லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே எதிரணியோடு, ஒரே அரங்கில், சனி ஞாயிறு என்று அடுத்தடுத்த நாள் நடக்கும். அதே வீரர்கள், அதே கூடை, இருபத்துநாலு மணி நேர இடைவெளி. இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். மூன்று புள்ளிச் சதவீதம் சனிக்கிழமை 45, ஞாயிற்றுக்கிழமை 24 என்று ஆடினால் பெரிதாக யோசிக்காதீர்கள், அது அப்படித்தான் ஆடும். ஆனால் ஒரு கார்டுக்குச் சனிக்கிழமை 9 அசிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை 3 அசிஸ்ட் 5 டர்ன்ஓவர் என்றால், சனி இரவு எதிரணிப் பயிற்சியாளர் தூங்கவில்லை என்று பொருள். அந்தக் கார்டு பந்தை எடுத்து வரும்போதே இருவரை அனுப்பி மறித்திருக்கிறார்கள். நிமிடங்களும் அப்படியே: சனிக்கிழமை 36 நிமிடம் ஆடிய நெடியவர் ஞாயிற்றுக்கிழமை நான்காவது குவார்ட்டரில் ஃப்ரீ த்ரோவைக் குட்டையாக விடுகிறாரா என்று பாருங்கள். கால் போய்விட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது ஃப்ரீ த்ரோதான்.

ஒரு சின்ன இடைச்செருகல். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் நடத்திய முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் ஆடிய பதினெட்டுப் பேரில் ஒருவர் ஜப்பானிய மாணவர், கென்சாபுரோ இஷிகாவா. அந்த ஆட்டத்தை அவர் படமாகவும் வரைந்து வைத்தார். முடிவு 1–0. அதற்கு அட்டவணை போட்டால் பதினேழு பேருக்கு நேராகப் பூஜ்யம்தான். அன்றைக்கு யார் நன்றாக ஆடினார் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, அட்டவணை மறைக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நேரம். பி லீக் வீரர்கள் நிறைந்த தேசிய அணியின் இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறேன், பலர் பார்த்திருப்பீர்கள். 2023 உலகக் கோப்பை, ஒகினாவா. ஃபின்லாந்தை ஜப்பான் 98–88 என வென்றது. ஜோஷ் ஹாக்கின்சன் 28 புள்ளி, 19 ரீபவுண்ட். கவாமுரா 25 புள்ளி, 9 அசிஸ்ட். பத்துப் புள்ளி வித்தியாசம், சௌகரியமான வெற்றி என்று அட்டவணை சொல்லும். மூன்றாவது குவார்ட்டர் முடிவில் ஜப்பான் 63–73 என்று பின்தங்கியிருந்தது. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் 35–15. குவார்ட்டர் வாரியான அந்த ஒரு வரியைப் பார்க்காதவர் ஆட்டத்தையே பார்க்காதவர் மாதிரிதான்.

அடுத்தது 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ், பிரான்ஸுக்கு எதிராக. கவாமுரா 29 புள்ளி, 7 ரீபவுண்ட், 6 அசிஸ்ட். ஜப்பானின் நட்சத்திரம் ரூயி ஹச்சிமுரா நான்காவது குவார்ட்டரில் வெளியேற்றப்பட்ட பிறகும் ஜப்பான் நான்கு புள்ளி முன்னால். பத்து நொடி சொச்சம் மிச்சம். பிரான்ஸின் மாத்யூ ஸ்ட்ராசெல் மூன்று புள்ளி எறிகிறார், கவாமுரா பாய்ந்து மறிக்கப் போகிறார், ஃபவுல் என்று விசில். பந்து உள்ளே, ஃப்ரீ த்ரோவும் உள்ளே, நான்கு புள்ளி, ஆட்டம் சமம். கூடுதல் நேரத்தில் பிரான்ஸ் 94–90. உடம்பு பட்டதா இல்லையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அட்டவணையில் அது கவாமுராவின் ஃபவுல் கட்டத்தில் சேர்ந்த ஒன்று. முதல் குவார்ட்டரில் நடுக்களத்தில் சும்மா இடித்ததற்கும் அதே ஒன்றுதான்.

அதனால் நீங்கள் பார்த்த ஆட்டத்தில் ரீபவுண்டும் டர்ன்ஓவரும் இரு அணிக்கும் கிட்டத்தட்டச் சமமாக இருந்து, ஃப்ரீ த்ரோவும் விடை தரவில்லை என்றால், அட்டவணையை மூடிவிட்டு நிகழ்வு வாரியான பட்டியலைத் திறங்கள். லீக் தளத்தில் அதே ஆட்டத்தின் பக்கத்திலேயே இருக்கும். நான்காவது குவார்ட்டரின் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போய், யார் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்ற வரிகளை மட்டும் முதலில் படியுங்கள். மறுபடியும் குழப்பம் என்றால் எந்தத் தேதி, எந்த அணிகள் என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.